கோடி காட்டுவதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? ‘ட்ராப் எ ஹிண்ட்’ தொடரைப் புரிந்துகொண்டு பயன்படுத்த ஒரு வழிகாட்டி

ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்த என் மாணவி ஒருத்தி, சேர்ந்த இரண்டாம் வாரமே கண் கலங்கி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். மார்கழிக் குளிர், இரவு ஒன்பது மணி இருக்கும், வெளிநாட்டுத் தம்பதியர் இருவர் மேசைக்கு வந்து, ‘இட்ஸ் எ பிட் கோல்டு இன் அவர் ரூம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் தன் ஊருக்குக் கிடைத்த பாராட்டாகவே அதை எடுத்துக்கொண்ட இவள், ‘எஸ் சார், ஏற்காடு ஆல்வேஸ் கோல்டு சார்’ என்று பெருமை பொங்கப் பதில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மறுநாள் காலையில், கம்பளி கேட்டும் தரவில்லை என்று மேலாளரிடம் புகார் போயிருக்கிறது. ‘கம்பளின்னு ஒரு வார்த்தை அவங்க வாயில வரவே இல்லைங்க சார்’ என்று அவள் முறையிட்டாள். அவள் சொன்னதும் உண்மை, அந்தத் தம்பதியர் கேட்டதும் உண்மை என்பதை அவளுக்கு விளங்க வைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

சேலம் அஸ்தம்பட்டியில் மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் நான். தமிழ் வழியில் படித்துவிட்டு விடுதி, ஏற்றுமதி நிறுவனம், மென்பொருள் அலுவலகம் என்று வேலைக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். இலக்கணப் பிழையால் அவர்களுக்கு வரும் தொல்லை சிறிது. நேராகச் சொல்லாமல் சொல்லப்பட்டதைத் தவறவிடுவதால் வரும் தொல்லைதான் பெரிது. அப்படிச் சொல்லாமல் சொல்வதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்தான் ‘ட்ராப் எ ஹிண்ட்’. இந்தத் தொடரின் பொருள், அது வாக்கியத்தில் உட்காரும் விதம், பிறர் அப்படிப் பேசும்போது கண்டுகொள்ளும் வழி, நாமே அப்படிப் பேசும் வழி ஆகியவற்றை அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதற்படி: பொருளைப் பிடித்துக்கொள்வது

நம் மாணவர்களுக்கு இந்தத் தொடரில் வரும் இரண்டு சொற்களுமே முன்பே தெரியும் என்பதுதான் சிக்கல். ‘ட்ராப்’ என்றால் வண்டியில் கொண்டுபோய் விடுவது. ‘புது பஸ் ஸ்டாண்டுல ட்ராப் பண்ணிடு’ என்று தினமும் சொல்கிறோம். போட்ட திட்டத்தைக் கைவிடுவதும் நமக்கு ‘ட்ராப்’தான். ‘ஹிண்ட்’ என்ற சொல்லோ பள்ளித் தேர்வில் வந்து சேர்ந்தது: கோடுகளுக்கு நடுவே சில சொற்களைக் கொடுத்து, அவற்றை விரித்துப் பத்தியாக எழுதச் சொல்லும் ‘ஹிண்ட்ஸ் டெவலப்மெண்ட்’ வினாவை எழுதாமல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பைக் கடந்தவர்கள் குறைவு. ஆகவே ‘ட்ராப் எ ஹிண்ட்’ என்பதை முதன்முதலாகக் கேட்ட ஒரு மாணவர், ‘குறிப்புக் கொடுப்பதை நிறுத்திவிடு’ என்று பொருள் சொன்னார். அவரிடம் இருந்த சரக்கை வைத்துப் பார்த்தால் அது நியாயமான ஊகம்தான்.

இங்கே ‘ட்ராப்’ என்பதற்குக் கையிலிருந்து நழுவ விடுவது என்று பொருள். நடந்து போகிறவர் மடியிலிருந்து ஒரு காசு விழுவதுபோல், பேச்சுக்கு நடுவே ஒரு சொல்லைத் தற்செயலாக விழுந்தாற்போல் விட வேண்டும். கேட்பவர் அதைக் குனிந்து எடுக்க வேண்டும். விழுந்தது தற்செயல் அன்று என்பது இருவருக்கும் தெரியும், ஆனால் இருவரும் அப்படிக் காட்டிக்கொள்வதில்லை. இந்தப் படம் மனத்தில் பதிந்துவிட்டால் ‘ஹிண்ட்’ என்பதோடு ‘கிவ்’ சேர்வதற்கும் ‘ட்ராப்’ சேர்வதற்கும் உள்ள வேறுபாடு தானே விளங்கும். விடுகதைக்கு விடை தெரியாத பிள்ளை ‘கிவ் மீ எ ஹிண்ட்’ என்று கேட்கும், கேட்டதால் கொடுக்கிறோம். ‘ட்ராப்’ செய்வது யாரும் கேட்காமலே நடப்பது.

இதற்குத் தமிழில் மிக நெருங்கிய தொடர் ‘கோடி காட்டுதல்’. ‘குறிப்பால் உணர்த்துதல்’, ‘சூசகமாகச் சொல்லுதல்’ ஆகியவையும் பொருந்தும். ‘அவர் காதில் போட்டு வை’ என்பதைச் சிலர் இணையாகச் சொல்வதுண்டு. அது சற்று விலகியது, ஏனெனில் காதில் போடும் செய்தி நேரடியாகவே இருக்கலாம். ‘ஜாடை பேசுதல்’ என்பதை மட்டும் இணையாக வைத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர்ப் பக்கம் ஒரு பெண் ‘அவ என்னை ஜாடை பேசறா’ என்று சொன்னால், பெயர் சொல்லாமல் இழிவாகப் பேசுகிறாள் என்று பொருள். அந்த நஞ்சு ‘ஹிண்ட்’ என்ற சொல்லில் இல்லை. அதற்கு ஆங்கிலத்தில் ‘இன்சினுவேட்’ என்று தனிச்சொல் இருக்கிறது. மாமியார் வீட்டுப் பேச்சை மொழிபெயர்க்க நேர்ந்தால் அதைத் தேடிப் போகலாம்.

அகராதிகள் இந்தச் சொல்லுக்குக் கூறும் பிறப்பு எனக்குப் பிடித்தமானது. ‘பற்றிப் பிடித்தல்’ என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் வழங்கிப் பின்னர் மறைந்துபோன ‘ஹெண்ட்’ என்ற வினையிலிருந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஹிண்ட்’ வந்திருக்க வேண்டும் என்று அவை கருதுகின்றன. நாமும் மனத்தை வெளிக்காட்டாதவரைப் ‘பிடி கொடுக்காமல் பேசுகிறார்’ என்கிறோம் அல்லவா? ‘ஹிண்ட்’ விடுகிறவர், முழுக் கையையும் கொடுக்காமல் ஒரு விரலளவு பிடி கொடுத்துப் பேசுகிறவர்.

கொடுத்த பிடியைப் பற்றிக்கொள்வதற்கு ‘டேக் த ஹிண்ட்’ என்று பெயர். இவ்விரண்டும் ஒரே செயலின் இரு முனைகள் என்பதைத் தமிழ் படித்தவருக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன: அரசன் சொல்லாததை முகம் பார்த்தே அறிவதைப் பற்றிப் பொருட்பாலில் 71ஆம் அதிகாரம், காதலியின் கண் பார்த்துக் காதலன் அறிவதைப் பற்றிக் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். 128ஆம் அதிகாரத்தின் தலைப்போ ‘குறிப்பறிவுறுத்தல்’. ‘ட்ராப்’ செய்வது குறிப்பறிவுறுத்தல், ‘டேக்’ செய்வது குறிப்பறிதல் என்று ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டால் பொருள் குழம்பாது.

இரண்டாம் படி: வாக்கியத்தில் உட்கார வைப்பது

ஒலிப்பிலிருந்து தொடங்குவோம். தமிழில் மெல்லெழுத்தை அடுத்து வரும் வல்லெழுத்து மென்மையாகவே ஒலிக்கும். ‘வண்டு’ என்பதில் வரும் டு, ‘பட்டு’ என்பதில் வரும் டு போல் ஒலிப்பதில்லை. அந்தப் பழக்கத்திலேயே நாம் ‘ஹிண்ட்’ என்று சொன்னால் ஆங்கிலேயர் காதில் பின்புறத்தையோ பெண்மானையோ குறிக்கும் வேறொரு சொல் விழுகிறது. இறுதியில் ‘பட்டு’ என்பதன் டகரத்தை நினைத்துக்கொண்டு, காற்றைச் சட்டென்று வெட்டி நிறுத்த வேண்டும். ‘ட்ராப்’ என்பதன் இறந்தகாலமும் ‘ட்ராப்ட்’ என்று அதே வல்லொலியில்தான் முடியும்.

அடுத்து, இடையில் வரும் ‘எ’ என்ற சிற்றெழுத்து. ‘ஹீ ட்ராப்ட் ஹிண்ட்’ என்று அதை விழுங்கிவிடக் கூடாது. ஒரு முறையானால் ‘எ ஹிண்ட்’, பல முறையானால் ‘ஹிண்ட்ஸ்’. எதைப் பற்றி என்று சொல்ல ‘அபவுட்’ சேர்க்கலாம்: ‘ஷீ ட்ராப்ட் எ ஹிண்ட் அபவுட் ஹெர் பர்த்டே’, அதாவது தன் பிறந்தநாளைப் பற்றிக் கோடி காட்டினாள். முழுச் செய்தியையும் சொல்ல ‘தட்’ போட்டு வாக்கியத்தைத் தொடரலாம்: ‘த மேனேஜர் ட்ராப்ட் எ ஹிண்ட் தட் த போனஸ் வுட் பி லேட்’, அதாவது போனஸ் தாமதமாகும் என்று மேலாளர் கோடி காட்டினார். ஒரு வாரமாக நடப்பதென்றால் ‘ஷீ ஹாஸ் பீன் ட்ராப்பிங் ஹிண்ட்ஸ் ஆல் வீக்’.

‘ஹிண்ட்’ என்பதையே வினையாக்கும்போதுதான் நம்மவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். ‘ஹீ ஹிண்டெட் மீ’ என்று நான் திருத்திய தாள்களுக்குக் கணக்கில்லை. இதற்குத் தமிழே மருந்து தருகிறது. ‘என்னைக் கோடி காட்டினார்’ என்று நாம் சொல்வதில்லை, ‘எனக்குக் கோடி காட்டினார்’ என்றுதான் சொல்கிறோம். அந்தக் ‘கு’ உருபுக்கு ஈடாக ஆங்கிலத்தில் ‘டு’ வைக்க வேண்டும்: ‘ஹீ ஹிண்டெட் டு மீ தட்...’ என்று தொடர வேண்டும். ஒரு பொருளை நோக்கிக் குறிப்புக் காட்டினால் ‘அட்’ வரும்: ‘ஹீ ஹிண்டெட் அட் எ டிரான்ஸ்ஃபர்’, அதாவது இடமாற்றம் இருக்கலாம் என்பதுபோல் பேசினார்.

மறுமுனைக்கு வருவோம். ‘ஹீ டுக் த ஹிண்ட் அண்ட் லெஃப்ட்’ என்றால் குறிப்பறிந்து கிளம்பிவிட்டார். ‘ஹீ கான்ட் டேக் எ ஹிண்ட்’ என்றால், ஒரு குறிப்பை மட்டும் தவறவிட்டார் என்பதன்று, அவருக்கு இயல்பாகவே இங்கிதம் போதாது என்று பொருள். இங்கே ‘த’ போய் ‘எ’ வந்திருப்பதைக் கவனியுங்கள். ‘எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்’ என்று நாம் சொல்பவருக்கு நேர் எதிரானவர் இவர். ‘கான்ட் யூ டேக் எ ஹிண்ட்?’ என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்பது சண்டைக்கு இழுப்பதாகும். பாடநூல் எடுத்துக்காட்டு என்று நம்பி அலுவலகத்தில் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: குறிப்பின் அளவு

ஹிண்ட் சிறியதாகவும் இருக்கலாம், தலையில் தேங்காய் விழுந்தாற்போலவும் இருக்கலாம். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டை வழியாக வண்டியில் போகும்போது, பின்னால் அமர்ந்திருக்கும் மனைவி ‘எதிர் வீட்டு அக்கா புதுக் கொலுசு போட்டிருக்காங்க, பார்த்தீங்களா?’ என்று கேட்டால் அது ‘சட்டில் ஹிண்ட்’, நுண்ணிய குறிப்பு. ‘நம்ம கல்யாண நாள் இந்த வருசம் எந்தக் கிழமைங்க வருது?’ என்று கேட்டால் ‘ஸ்ட்ராங் ஹிண்ட்’. நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் கொலுசுக் கடை அட்டையையும் செருகி வைத்திருந்தால் அது ‘பிராட் ஹிண்ட்’. இந்தக் கடைசித் தொடரில்தான் பொறி இருக்கிறது. ‘பிராட்’ என்றால் அகலம் என்று படித்தவர்கள், விரிந்து பரந்து தெளிவில்லாமல் இருக்கும் குறிப்பு என்று அதை எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் குருடனுக்கும் தெரியும் அளவுக்கு வெளிப்படையான குறிப்பு என்பதே அதன் பொருள். பிரிட்டிஷ்காரர்கள் இதையே ‘ஹெவி ஹிண்ட்’ என்றும் சொல்வார்கள். நண்பர்களுக்குள் கேலியாகப் பேசும்போது, ஆசையைச் சொல்லிவிட்டுப் பின்னால் ‘ஹிண்ட், ஹிண்ட்!’ என்று சேர்ப்பதும் உண்டு. அதற்குப் பிறகு அங்கே மறைபொருள் ஏதும் மிச்சமிருக்காது.

சேர்வராயன் மலைக் காப்பிப் பொட்டலத்தில் ‘எ ஹிண்ட் ஆஃப் சாக்லேட்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அங்கே துளிச்சுவை, லேசான சாயல் என்று பொருள். ‘ஹவுஸ்ஹோல்டு ஹிண்ட்ஸ்’ என்பது நம் பத்திரிகைகளில் வரும் வீட்டுக் குறிப்புகள். தமிழின் ‘குறிப்பு’ என்ற சொல்லும் ஆங்கிலத்தின் ‘ஹிண்ட்’ என்ற சொல்லும், ஒன்றையொன்று அறியாமலே, சமையல் முதல் காதல் வரை ஒரே பாதையில் அலைந்திருக்கின்றன.

நான்காம் படி: பிறர் விட்டதைக் கண்டெடுப்பது

கடினமான பகுதி இதுதான். குறிப்பால் பேசுவது நமக்குப் புதிதன்று. வீட்டுக்காரர் வந்து ‘தண்ணி லாரிக்காரன் விலை ஏத்திட்டான் தம்பி’ என்றால் வாடகை உயரப் போகிறது என்று நமக்குத் தெரியும். டவுன் பஸ் நடத்துநர் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கையில் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றால் சில்லறையைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். தட்டுவடை செட் போடுகிறவர் முக்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எழுந்துகொள்கிறோம். தொலைபேசியில் மறுமுனை ‘சரி... அப்புறம்?’ என்று இழுத்தால் பேச்சை முடிக்கும் நேரம் வந்துவிட்டது என்று அறிந்துகொள்கிறோம். இத்தனை தேர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் ஏன் தடுமாறுகிறோம் என்றால், குறிப்பை நாம் ஒளித்து வைக்கும் இடமும் அவர்கள் ஒளித்து வைக்கும் இடமும் வேறு. நாம் அதை மூன்றாம் மனிதர் மேல் ஏற்றிச் சொல்வோம், பழமொழியில் பொதிவோம், மௌனத்தில் வைப்போம். அவர்கள் பெரும்பாலும் இலக்கணத்திலும் சின்னஞ்சிறு சொற்களிலும் வைக்கிறார்கள்: ‘எ பிட்’, ‘ராதர்’, ‘மைட்’, ‘ஐ வாஸ் ஒண்டரிங்’. பள்ளியில் இவற்றை நாம் ‘கொஞ்சம்’, ‘சற்று’, ‘லாம்’ என்று பொருள் எழுதித் தாண்டிப் போயிருப்போம்.

பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு மொழியியலாளர்கள், மனிதர் ஒருவரோடொருவர் பணிவாகப் பேசும் முறைகளைப் பற்றி 1978இல் நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார்கள். 1987இல் அது தனி நூலாகவும் வந்தது. அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஆங்கிலம் ஒன்று, மெக்சிகோவின் செல்தால் ஒன்று, மற்றொன்று தமிழ். அதுவும் நமக்குப் பக்கத்திலுள்ள கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். நேராகக் கேட்காமல் குறிப்பாகக் கேட்பதன் பயனை அவர்கள் விளக்கும் விதம் நமக்குக் கைகொடுக்கும். குறிப்பாகச் சொன்னவர் எப்போது வேண்டுமானாலும் ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று பின்வாங்கலாம். கேட்டவரும் புரியாததுபோல் இருந்துவிடலாம். மறுத்த வருத்தமோ மறுக்கப்பட்ட அவமானமோ யாருக்கும் இல்லை. ‘அறை குளிர்கிறது’ என்ற தம்பதியர், வேலைக்காரியை ஏவுவதுபோல் என் மாணவியை ஏவ விரும்பவில்லை. அவளே முன்வந்து கொடுத்தாள் என்று ஆகட்டும் என்று இடம் விட்டிருக்கிறார்கள். மரியாதை அவளுக்குத்தான் செய்யப்பட்டது. அது அவளைச் சென்று சேராததுதான் குறை.

இனி, கண்டெடுக்கும் வழி. ஒருவர் உங்களிடம் வந்து ஒரு நிலைமையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், மனத்துக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை இப்போது, என்னிடம் வந்து, எதற்குச் சொல்கிறார்? மேசையில் இருப்பவளிடம் வந்து குளிரைப் பற்றிச் சொல்கிறவர் வானிலை அறிக்கை வாசிக்க வரவில்லை. ‘த டீ வாஸ் ராதர் ஸ்ட்ராங்’ என்றால் தேநீரின் தரத்தைப் புகழவில்லை. அடுத்த கோப்பையில் பால் கூட வேண்டும். ‘த மியூசிக் இஸ் கொய்ட் லவுட், இஸ்ன்ட் இட்?’ என்றால் பாட்டின் ஒலியைக் குறைக்க வேண்டும். கடைசியில் தொங்கும் அந்த ‘இஸ்ன்ட் இட்’, நம் ‘இல்லைங்களா?’ போலவே, உங்கள் ஒப்புதலோடு செயலையும் சேர்த்தே எதிர்பார்க்கிறது.

அலுவலக மின்னஞ்சலில் இது இன்னும் மென்மையாக வரும். ‘யூ மைட் வாண்ட் டு டேக் அனதர் லுக் அட் த ஃபிகர்ஸ்’ என்று மேலதிகாரி எழுதினால், விருப்பமிருந்தால் பார்க்கலாம் என்று பொருள் கொள்வது பேராபத்து. கணக்கு தவறு, திருத்தி அனுப்பு என்பதே செய்தி. வெள்ளி ஏற்றுமதிக் கடை ஒன்றில் வேலை பார்த்த இளைஞருக்கு நேர்ந்தது வேறு வகை. வெளிநாட்டு வாடிக்கையாளர் தொலைபேசியில் பேசி முடித்து, ‘வெல், ஐ வில் லெட் யூ கோ’ என்று சொல்லியிருக்கிறார். தமக்கு விடுப்புத் தருகிறார் என்று எண்ணிய இவர், ‘நோ சார், ஐ ஆம் ஃப்ரீ சார்’ என்று சொல்லி மேலும் பத்து நிமிடம் பேசியிருக்கிறார். ‘சரிங்க, உங்களுக்கும் வேலை இருக்கும்’ என்று நாம் சொல்வதன் உடன்பிறப்புதான் அந்த ஆங்கிலத் தொடர் என்று விளக்கியபோது, அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ‘டோன்ட் லெட் மீ கீப் யூ’ என்பதும் அதே வகையைச் சேர்ந்தது.

குறிப்பு என்று தோன்றியும் உறுதியில்லை என்றால், கேள்வியாகத் திருப்பிவிடுவதே பாதுகாப்பு. ‘வுட் யூ லைக் அன் எக்ஸ்ட்ரா பிளாங்கெட்?’ என்று கேட்டுவிட்டால், குறிப்பாக இருந்தால் வேலை முடிந்தது, இல்லையென்றாலும் விருந்தோம்பலாகவே போய்ச் சேரும்.

ஐந்தாம் படி: நாமே கோடி காட்டுவது

இதற்குச் சொல்வளம் அதிகம் தேவையில்லை. நிறுத்தத் தெரிந்தால் போதும். வேண்டியதற்கு ஓரடி தள்ளி நிற்கும் உண்மை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு சேலத்துக்குத் திரும்ப வேண்டியவர், கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் ‘ஐ மஸ்ட் கோ’ என்று எழுந்து நிற்க வேண்டியதில்லை. ‘த ஃபாக் இஸ் கமிங் டவுன்’ என்று சன்னலைப் பார்த்துச் சொன்னால் போதும். இருட்டில், மூடுபனியில், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டும் என்பது மலையில் இருப்பவர் அனைவருக்கும் தெரியும். நம்மவர்கள் செய்யும் தவறு, இப்படி அழகாக ஒன்றைச் சொல்லிவிட்டு, எதிராளி யோசிப்பதற்குள் பதற்றப்பட்டு, ‘சோ ப்ளீஸ் கைண்ட்லி பெர்மிட் மீ சார்’ என்று பின்னாலேயே முழு விண்ணப்பத்தையும் நீட்டுவது. விட்ட காசை நாமே குனிந்து எடுத்துக் கையில் திணிப்பது போன்றது அது.

பரிந்துரை, பதவி உயர்வு, நிலுவைப் பணம் ஆகியவற்றில் முதல் முறை மட்டும் குறிப்பு போதும். ‘வீ ஆர் குளோசிங் அவர் அக்கவுண்ட்ஸ் திஸ் வீக்’ என்று ஒரு வரி எழுதினால் நல்ல வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிடுவார். அனுப்பவில்லையென்றால் மறுமுறை தொகையையும் தேதியையும் நேராகவே எழுதுங்கள். ஒரே குறிப்பை மூன்று முறை விட்டால் அது நச்சரிப்பாகிவிடும்.

எங்கே கூடாது

உயிரோடும் பாதுகாப்போடும் தொடர்புடைய இடத்தில் கோடி காட்டவே கூடாது. 1990 ஜனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் நோக்கி வந்த அவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம், மோசமான வானிலையால் வானிலேயே நெடுநேரம் காத்திருக்க வைக்கப்பட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்று விமானிகள் சொல்லத்தான் செய்தார்கள். முன்னுரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள். ஆனால் ‘எமர்ஜென்சி’ என்ற ஒரு சொல்லைக் கட்டுப்பாட்டறையிடம் அவர்கள் முறைப்படி சொல்லவில்லை. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைத் தொழிலுக்காகப் பேசியவர்கள் அவர்கள் என்பதை என் வகுப்பில் நான் அழுத்திச் சொல்வேன். மலையிறங்கும்போது பிரேக் சரியில்லை என்று தோன்றினால் ‘த பிரேக் ஃபீல்ஸ் எ பிட் சாஃப்ட்’ என்று ஓட்டுநரிடம் நயமாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். ‘ஸ்டாப் த வெஹிக்கிள்’ என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் வலியைச் சொல்லும்போதும், ஆலையில் இயந்திரம் தவறாக ஓடும்போதும் இதே விதி.

பயிற்சி

ஒரு வாரம், நாளுக்கு ஒன்றாக, உங்கள் வீட்டிலோ தெருவிலோ காதில் விழும் தமிழ்க் குறிப்பு ஒன்றை எழுதுங்கள். அதற்குக் கீழே யார், யாருக்கு, எதைக் கோடி காட்டினார் என்பதை ‘ட்ராப்ட் எ ஹிண்ட் தட்’ என்ற சட்டகத்தில் ஆங்கிலமாக்குங்கள். தண்ணீர் லாரிக் கதை ‘த ஓனர் ட்ராப்ட் எ ஹிண்ட் தட் த ரெண்ட் வுட் கோ அப்’ என்றாகும். மூன்றாவது வரியில், கேட்டவர் ‘டுக் த ஹிண்ட்’ வகையா, ‘டிடின்ட் டேக் த ஹிண்ட்’ வகையா என்று குறியுங்கள். அடுத்த வாரம் அலுவலக மின்னஞ்சல்களில் ‘மைட்’, ‘ஒண்டரிங்’, ‘எ பிட்’ வரும் இடங்களில் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேர்மொழியில் ஒரு தமிழ் வாக்கியம் எழுதுங்கள்.

அந்த மாணவி இதை ஒழுங்காகச் செய்தாள். ஒரு மாதம் கழித்து, ‘இட்ஸ் எ பிட் கோல்டு டுநைட்’ என்று வேறொரு விருந்தினர் வந்து நின்றபோது, அவர் வாய் மூடுவதற்குள் கம்பளி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். ‘ஓ நோ, வீ லவ் இட்’ என்று சொல்லிவிட்டு, அவர் உண்மையாகவே குளிரைப் புகழத் தொடங்கிவிட்டாராம். இவளும் விடாமல், ‘எஸ் சார், ஏற்காடு ஆல்வேஸ் கோல்டு சார்’ என்றிருக்கிறாள்.